ஓம்னி செல்ஃப் மோட்டார் கார்பன் பிரஷ் செட்: 220 ரூவாய்ல வண்டி தள்றது நின்னுச்சு

எங்க வீட்ல 2007 மாடல் ஓம்னி இருக்கு. கம்பெனிக்காரன் 2019லயே இந்த வண்டிய நிறுத்திட்டான், நாங்கதான் இன்னும் நிறுத்தல. போன மாசம் சாவியத் திருப்புனா 'டக்'னு ஒரே ஒரு சத்தம், அதோட சரி. அஞ்சாறு தடவை திருப்புனா ஏதோ ஒரு தடவை எடுக்கும். எதிர்ல அயர்ன் கடை வச்சிருக்கற அண்ணன் நான் டிரைவர் சீட்ல ஏறுனதுமே கரிப்பெட்டிய ஓரமா வச்சுட்டு பின்னாடி வந்து நின்னுடுவாரு, கூப்புடவே வேணாம், அந்த அளவுக்குப் பழகிப்போச்சு.

மெக்கானிக் ஒருத்தர் பாத்துட்டு, என்ஜின ஸ்டார்ட் பண்ற செல்ஃப் மோட்டார் போச்சு சார், புதுசு போட்டுடலாம், நாலாயிரம் ஆகும்னாரு. எனக்கு மனசு வரல. ராத்திரி ஹெட்லைட்டப் போட்டு சாவியத் திருப்பிப் பாத்தேன், லைட் துளி கூட மங்கல. பேட்டரி வீக்கா இருந்தா லைட் அப்படியே செத்துப் போயிருக்கணும். மங்கலன்னா கரண்ட்டு மோட்டாருக்குள்ளயே போகலன்னு அர்த்தம். கீழ படுத்து மோட்டார் பாடில ஸ்பேனர் பின்பக்கத்தால லேசா ரெண்டு தட்டு தட்டிட்டு மறுபடி திருப்புனேன், கப்புனு எடுத்துருச்சு. அப்பவே பிரஷ்தான்னு தெரிஞ்சுபோச்சு, அதான் மோட்டாருக்குள்ள சுத்தற பாகத்துல உரசிக்கிட்டே கரண்ட்டு குடுக்கற சின்னக் கட்டிங்க.

முதல்ல ஆன்லைன்ல 90 ரூவாய்க்கு ஒரு செட்டு போட்டேன், சுத்த வேஸ்ட்டு. கன்னங்கரேல்னு ஸ்லேட்டு பென்சில் மாதிரி இருக்கு, ஹோல்டர்லயும் உக்காரல. செல்ஃப் மோட்டார் பிரஷ்ல செம்பு நிறைய கலந்திருக்கணும், அவ்ளோ கரண்ட்டு இழுக்கற மோட்டாருக்கு வெறும் கார்பன் எப்படித் தாங்கும்? அப்புறம் மோட்டாரையே கழட்டி பையில போட்டுக்கிட்டு சென்னைல வண்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்கற ஜி.பி. ரோடு போனேன். கடைக்காரர் பழைய பிரஷ்ஷ கைல வாங்கி ஒரு திருப்பு திருப்பிப் பாத்துட்டு நேரா உள்ள போய் எடுத்துட்டு வந்தாரு, நாலு பிரஷ் 220 ரூவா. வெளிச்சத்துல சாய்ச்சா செம்பு மினுமினுங்குது, இந்த ரிவ்யூ இந்த செட்டுக்குத்தான். ஓம்னின்னு மட்டும் சொல்லி வாங்காதீங்க, வருஷத்துக்கு வருஷம் மோட்டார் மேக் மாறும், பழசக் கைல வச்சுக்கிட்டுப் போங்க.

கழட்டறதுக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவ்வ எடுத்துடுங்க. மோட்டாருக்கு வர்ற தடி ஒயரு பேட்டரில இருந்து நேரா வருது, ஸ்பேனர் பாடில பட்டா தீபாவளிதான். ஜாக்கிய மட்டும் நம்பி கீழ படுக்காதீங்க, ஸ்டாண்டு குடுத்துட்டுப் படுங்க.

பிரிச்சுப் பாத்தா உள்ள ஒரே கரித்தூள். நாலு பிரஷ்ல ரெண்டு அரை இன்ச்சுக்கு மேல இருக்கு, ஒண்ணு சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தேஞ்சு ஸ்பிரிங் அழுத்தவே எட்டாம தொங்கிக்கிட்டு நிக்குது. பிரஷ் உரசற செம்பு உருளைய, அதான் கம்யூட்டேட்டர, நைஸ் உப்புத்தாள் வச்சுத் தேச்சு, செம்புக்கு நடுவுல இருக்கற காடில அடைஞ்ச தூள ஊசியால நோண்டி எடுத்தேன்.

இதுல உயிர் போற வேலை சால்டரிங்தான். ரெண்டு பிரஷ் ஹோல்டர் பிளேட்ல வருது, மத்த ரெண்டும் மோட்டார் பாடிக்குள்ள சுத்தியிருக்கற செம்புப் பட்டைல, அதான் பீல்டு காயில்ல, பத்த வைக்கணும். என் 25 வாட் சால்டரிங் அயர்ன் அந்த செம்புப் பட்டைக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல, பத்து நிமிஷம் வச்சும் ஈயம் உருகல, சூட்டப் பூரா பட்டையே குடிச்சுருது. ரேடியோ ரிப்பேர் பண்ற பிரெண்டுகிட்ட 100 வாட் அயர்ன் வாங்கிட்டு வந்தப்புறம்தான் முடிஞ்சுது. இன்னொண்ணு, பிரஷ்ஷோட பின்னல் ஒயர நோஸ் பிளையரால இறுக்கிப் புடிச்சுக்கிட்டு பத்த வைங்க, இல்லாட்டி ஈயம் பின்னலுக்குள்ள ஏறி கம்பி மாதிரி வெறச்சுரும், அப்புறம் பிரஷ் ஹோல்டருக்குள்ள மேல கீழ போகாது. நான் முதல் பிரஷ்ல அப்படித்தான் கெடுத்தேன், மறுநாள் திரும்ப ஜி.பி. ரோடு போய் இன்னொரு 220 குடுத்தேன், ஒத்த பிரஷ் மட்டும் குடுங்கன்னு கெஞ்சியும் தரல.

மாட்றதுக்கு முன்னாடி மோட்டார காலால அமுக்கிக்கிட்டு பேட்டரில ஜம்பர் ஒயர் குடுத்துப் பாத்தேன், என்ஜினச் சுத்தற சின்னப் பல்சக்கரம், அதான் பினியன், வெளிய பாஞ்சு சர்ருனு சுத்துச்சு, கால் உதறிருச்சு.

செட்டுல குறைன்னா ஸ்பிரிங் வரல, பழசையேதான் போட்டேன். மாட்டி அஞ்சு வாரம் ஆச்சு, மழைல நனைஞ்ச காலைலயும் ஒரே திருப்புல எடுக்குது, அதனால அஞ்சுக்கு நாலரை. அயர்ன் கடை அண்ணன் மட்டும் இன்னும் நான் ஏறுனதும் ஒரு பார்வை பாத்துட்டுத்தான் பெட்டியக் கைல எடுக்கறாரு.