‘டம்பிங் இன் டிக்ஸி’: குப்பை எந்தத் தெருவுக்குப் போகிறது?

சமூகவியல் மாணவர்களுக்கு ஆய்வுமுறை சொல்லிக்கொடுப்பவன் நான். அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் புல்லார்ட் 1990இல் வெளியிட்ட இந்தப் புத்தகத்தைத்தான் அவர்களுக்கு முதலில் பரிந்துரைப்பேன். ‘டிக்ஸி’ என்பது அமெரிக்கத் தென்மாநிலங்களின் பட்டப்பெயர்; அங்கே குப்பையும் நச்சும் கறுப்பின மக்களின் பகுதிகளுக்கே போவதைப் பற்றிய புத்தகம் இது. வாங்குவதானால் 2000இல் வந்த மூன்றாம் பதிப்பை வாங்குங்கள்.

இதன் வேர் 1979இல் டெக்சாஸின் ஹூஸ்டன் நகரில் நடந்த ஒரு வழக்கில் இருக்கிறது. நார்த்வுட் மேனர் குடியிருப்பை ஒட்டிக் குப்பைக் கிடங்கு வரக்கூடாது என்று வாதாடிய வழக்கறிஞர் லிண்டா மெக்கீவர் புல்லார்ட், ராபர்ட்டின் மனைவி. வழக்குக்குத் தரவு தேவைப்பட்டது. டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தில் இளம் ஆசிரியராக இருந்த ராபர்ட், மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பழைய கோப்புகளைப் புரட்டினார், வரைபடத்தில் குண்டூசி குத்தினார். நகராட்சியின் 5 குப்பைக் கிடங்குகளும் கறுப்பின மக்களின் பகுதிகளில்தான் இருந்தன. குப்பையை எரிக்கும் 8 எரியுலைகளில் 6 அங்கேயே. நகர மக்கள்தொகையில் அவர்கள் ஏறக்குறைய கால் பங்குதான்.

என்னை அதிகம் உலுக்கியது வேறொன்று. நார்த்வுட் மேனர் சேரிப் பகுதி இல்லை. சம்பாதித்துச் சொந்த வீடு வாங்கிய நடுத்தரக் குடும்பங்கள் வாழ்ந்த இடம். ‘ஏழைகள் மலிவான இடத்துக்குப் போகிறார்கள், குப்பையும் மலிவான இடத்துக்குப் போகிறது’ என்ற வாதம் அங்கே எடுபடாது. யார் எங்கே வீடு வாங்க முடியும் என்பதையும், குப்பை எங்கே கொட்டப்படும் என்பதையும் இன ஒதுக்கல்தான் சேர்த்து முடிவு செய்கிறது. வீட்டு வசதி, சுற்றுச்சூழல் என்று நாம் தனித்தனியாகப் பாடம் நடத்துவதே தவறு என்று எனக்குப் பட்டது.

வழக்கு தோற்றது. வேண்டுமென்றே பாகுபாடு காட்டினார்கள் என்பதை நிரூபிக்க இந்த எண்கள் போதவில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது, கிடங்கும் வந்தது. ஆனால் புல்லார்ட் விடவில்லை. ஹூஸ்டனோடு இன்னும் நான்கு ஊர்களைச் சேர்த்து ஆராய்ந்தார். அதில் மேற்கு வர்ஜீனியாவில் உள்ள ‘இன்ஸ்டிட்யூட்’ என்ற ஊரைப் பற்றிய பகுதியை நம்மவர்கள் அவசியம் படிக்க வேண்டும். போபாலில் கசிந்த அதே நச்சுப்பொருளான மீத்தைல் ஐசோசயனேட்டை யூனியன் கார்பைடு அங்கேயும் தயாரித்தது.

குறையும் உண்டு. கருத்துக்கணிப்பு அட்டவணைகள் அதிகம். அந்த மக்களே பேசும் பக்கங்கள் இன்னும் இருந்திருக்கலாம் என்று ஏங்கினேன். சரி, நேரமில்லாதவர்கள் ஹூஸ்டன் பகுதியிலிருந்து தொடங்குங்கள். அட்டவணைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.