2.4 கிகாஹெர்ட்ஸா, 5 கிகாஹெர்ட்ஸா: அடிக்கடி அறுந்துபோகும் வைஃபைக்கு எது ஏற்றது?

வீட்டு வைஃபை அடிக்கடி அறுந்தால், முதலில் ஒரு கணினியைக் கம்பி வழியாக ரௌட்டரில் இணைத்துப் பார்க்க வேண்டும். கம்பியிலும் இணைப்பு விழுமானால், 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் வைஃபை அலைவரிசைகளை மாற்றிப் பயனில்லை. வைஃபையில் மட்டும் விழுந்தால்தான் இந்த ஒப்பீட்டுக்கே இடமுண்டு.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகள் சுவர்களைக் கடந்து தொலைவு செல்லக்கூடியவை. ஆனால் அதில் ஒன்றன்மேல் ஒன்று படியாத சேனல்கள் (அலைவரிசையின் உட்பிரிவுகள்) 1, 6, 11 என மூன்றே என்பதால், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அக்கம்பக்கத்து ரௌட்டர்கள் அனைத்தும் அவற்றுக்குள்ளேயே முட்டிமோதுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அதே பகுதியில்தான் இயங்குகின்றன. சமைக்கும் நேரத்தில் மட்டும் இணைப்பு தடுமாறினால் அடுப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். சேனல்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாதிருக்க, ரௌட்டர் அமைப்பில் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக வைப்பது நல்லது.

5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, வேகம் அதிகம். கான்கிரீட் சுவர்கள் குறுக்கிட்டால் வலு சட்டென்று குறையும். பலரும் அறியாத சிக்கல் வேறொன்று. 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடார்களுடன் பகிரப்படுபவை. ரேடார் அலை தென்பட்டதும் ரௌட்டர் அந்தச் சேனலை விட்டு விலகி, 30 நிமிடங்களுக்குத் திரும்பாமல் இருக்க வேண்டும். அத்தகைய இன்னொரு சேனலுக்குத் தாவினால், அங்கும் ரேடார் இருக்கிறதா என்று குறைந்தது 60 விநாடிகள் கவனித்த பிறகே அது அலைபரப்பத் தொடங்கும். காரணமின்றி ஒரு நிமிடம் வைஃபை காணாமற்போவது இதனாலும் இருக்கலாம் என்பதை அறியாமல் ரௌட்டரையே மாற்றிவிடுகிறவர்களும் உண்டு. சேனலைத் தானியங்கி முறையிலிருந்து விலக்கி, 36 முதல் 48க்குள் நிலையாக அமைத்தால் போதும்.

ரௌட்டர் இருக்கும் அறையில் பயன்படும் மடிக்கணினிக்கு 5, கடைசி அறையின் கேமராவுக்கு 2.4 என்பதே என் தேர்வு. எதில் அறுகிறது என்று தெரியும்வரை இரண்டு அலைவரிசைகளுக்கும் தனித்தனி வைஃபை பெயர் வைத்திருப்பது நல்லது.