பியர்டட் டிராகனின் வயிறும் திருநெல்வேலி வெக்கையும்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

காலையில் பெட்டியைத் திறந்ததும் முதலில் தரையில் விரித்த பேப்பரைப் பாருங்கள். பியர்டட் டிராகன் என்பது வீட்டில் பெட்டியில் வைத்து வளர்க்கும் ஆஸ்திரேலிய ஓணான் வகை. நலமாக இருக்கும் டிராகனின் கழிவில் மூன்று பாகம் தெரியும்: பழுப்பு நிறத்தில் உருண்டு திரண்ட மலம், அதன் முனையில் வெள்ளையாக யூரேட், சுற்றிலும் கொஞ்சம் ஈரம். யூரேட் என்பது சிறுநீர்க் கழிவு. காக்கை எச்சத்தில் இருக்கும் வெள்ளையும் இதேதான். அது பற்பசை போல மெத்தென்று இருந்தால் உடம்பில் நீர் போதுமான அளவு இருக்கிறது. மஞ்சளாகி, சுண்ணாம்புக்கட்டி போல இறுகினால் நீர் வற்றிவிட்டது. பச்சையாக வந்தால் நெடுநாள் பட்டினியோ ஈரல் கோளாறோ காரணமாக இருக்கலாம். அது டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம்.

குட்டிகள் ஒரு நாளில் இரண்டு மூன்று முறை கூடப் போகும். ஒரு வயதை நெருங்குபவை தினமும், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள். வளர்ந்தது வாரத்துக்கு ஒரு முறை போனாலும் சரி, ஐந்து முறை போனாலும் சரி; அதற்கென்று ஒரு கணக்கு இருக்கும். அந்தக் கணக்கு பிசகுவதுதான் செய்தி. சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் மலம் கழித்த நாளை வட்டமிட்டு வைப்பது பைசா செலவில்லாத வேலை. இத்தனை சாமான்கள் வாங்கியும் அதைப்போல உதவியது வேறொன்றில்லை.

இனி சாமான்கள். முதலிடம் வெப்ப பல்புக்கு. இந்தப் பிராணி நம் வேலியோரக் கரட்டாண்டிக்கு உறவு, இரண்டும் அகாமிட் குடும்பம். தன் உடம்பில் சூடு உண்டாக்கிக்கொள்ளத் தெரியாது. வெளியிலிருந்து சூடு ஏறினால்தான் செரிமான நொதி வேலை செய்யும், குடல் அசையும். சூடு குறைந்தால் தின்ற பூச்சி வயிற்றிலேயே கிடந்து புளிக்கும். மலச்சிக்கல் என்று வரும் டிராகன்களில் பலவற்றுக்கு மருந்து தேவைப்படுவதில்லை, பல்பின் கீழே ஐந்து டிகிரி கூடினால் போதும்.

வளர்ந்த டிராகன் ஏறிப் படுக்கும் கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி இருக்க வேண்டும். பெட்டியின் மறுகோடி 25 முதல் 28. இந்த வித்தியாசம் கிடைக்கக் குறைந்தது 4 அடி நீளப் பெட்டி வேண்டும்; 2 அடி மீன் தொட்டியில் என்ன செய்தாலும் வராது. கல்லுக்குக் கடப்பாக்கல் துண்டைவிட நல்லது அமையவில்லை. கல் அறுக்கும் இடங்களில் ஓரத்துண்டு கிடைக்கும். சொரசொரப்பான பக்கம் மேலே வரவேண்டும், அப்போதுதான் நகம் பிடிக்கும். பல்பை அணைத்த பிறகும் கல் சற்று நேரம் சூட்டை விடாமல் வைத்திருக்கும். கண்ணாடியில் ஒட்டும் வட்ட வெப்பமானி கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும். கல்லின் சூட்டை அறிய டெம்பரேச்சர் கன் வேண்டும். அதையும் கதவைத் திறந்து நேரே கல்லைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். கண்ணாடி வழியே பிடித்தால் அது கண்ணாடியைத்தான் அளக்கும்.

இங்கேதான் நம் ஊர் ஏமாற்றுகிறது. "திருநெல்வேலி வெயிலுக்கு பல்பு எதுக்கு?" என்று கேட்காதவர் இல்லை. மே மாதம் மூடிய அறை 36, 37 டிகிரி ஏறும். அப்போது குறைவது சூடு அல்ல, குளிர்ந்த மூலை. டிராகன் வாயைப் பிளந்தபடி மூலையில் ஒண்டும், நீர் வற்றும், யூரேட் கல்லாகும், அதைத் தள்ள முடியாமல் முக்கும். ஆகவே கோடையில் 75 வாட் ஹாலஜனைக் கழற்றி 35 வாட் போட வேண்டும், அல்லது டிம்மரில் குறைக்க வேண்டும். பெட்டியைத் தார்சு வீட்டு மாடியிலிருந்து கீழே இறக்குவது இன்னும் நல்லது. ஆனி, ஆடியில் மேல்காற்று வீசத் தொடங்கியதும் கதை மாறும். தென்காசிப் பக்கம் சாரல், வள்ளியூர், பணகுடிப் பக்கம் ஓயாத காற்று. திறந்த ஜன்னலோரப் பெட்டியில் அதே பல்பு 33 டிகிரிக்கு மேல் காட்டாது. மே மாதம் சரியாக இருந்த ஏற்பாடு ஜூலையில் மலச்சிக்கல் கொடுப்பது இதனால்தான். காலநிலை மாறும்போதெல்லாம் கல்லை மறுபடி அளங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கவலை கரண்ட். 2023 டிசம்பர் 17, 18 பெருமழையில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் உணவை நிறுத்துவதே சரி. வளர்ந்த டிராகன் சில நாள் பட்டினியைத் தாங்கும். சூடில்லாத வயிற்றில் விழுந்த பூச்சியைத் தாங்காது. சாதாரண நாளிலும் பல்பு எரிந்து இரண்டு மணி நேரம் கழித்து முதல் உணவு, பல்பை அணைக்க இரண்டு மணி நேரம் முன்பே கடைசி உணவு.

புற ஊதாக் கதிர் தரும் யு.வி.பி. டியூபை எலும்புக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது இல்லாமல் உடம்பில் வைட்டமின் டி3 போதுமான அளவு உண்டாகாது, டி3 இல்லாமல் கால்சியம் ஏறாது, கால்சியம் குறைந்தால் குடல் தசையும் சோரும். டி5 (T5) எனப்படும் மெல்லிய டியூப் வகையில், யு.வி.பி. 10 அல்லது 12 சதவீதம் என்று போட்ட நீள டியூப் வாங்குங்கள். சுருள் பல்பு வாங்கினால் பணம் வீண். ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், வெளிச்சம் குறையாவிட்டாலும்.

தரைக்கு நாளிதழ்தான். பாலைவனப் பிராணிதானே என்று திசையன்விளை, குட்டம் பக்கத்துத் தேரி மணலை அள்ளிக் கொண்டுவந்து நிரப்புகிறார்கள். கண்ணுக்கு ஆஸ்திரேலியச் செம்மண் மாதிரியே இருக்கும், உண்மைதான். ஆனால் டிராகன் நாக்கை நீட்டிப் பூச்சியை ஒட்டி எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் மணலும் சேர்ந்து போகும். நீர் வற்றிய, சூடு குறைந்த குடலில் அது சிமெண்ட் மாதிரி இறுகும். கடையில் விற்கும் கால்சியம் மணலும் இதே ஆபத்துதான். பேப்பரில் இன்னொரு லாபம்: மலத்தின் நிறமும் ஈரம் பரவிய அளவும் ஒளிவுமறைவில்லாமல் தெரியும்.

உணவில் பூச்சியின் அளவு டிராகனின் இரு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தாண்டக்கூடாது. டூபியா கரப்பான், சுவர்க்கோழி (கிரிக்கெட் பூச்சி), பிளாக் சோல்ஜர் ஈயின் புழு மூன்றும் நன்றாகச் செரிக்கின்றன. ஈப்புழுவை மெல்லாமல் விழுங்கினால் முழுசாக வெளியே வரும், பயப்பட வேண்டாம். சூப்பர்வார்ம் என்னும் பெரிய வண்டுப்புழுவின் தோல் கெட்டி, வாரத்தில் இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். வயலில் பிடித்த வெட்டுக்கிளியில் பூச்சிமருந்தும் குடற்புழுவும் வரும். மின்மினியை மட்டும் எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள், ஒன்றே உயிரை வாங்கிவிடும்.

வளர்ந்ததற்குத் தினமும் ஒரு கைப்பிடி தழை, வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஐந்தாறு பூச்சி. முருங்கைக்கீரை, மல்பெரி இலை, செம்பருத்திப் பூ, துருவிய பரங்கிக்காய், முள்ளைச் சுட்டெடுத்த சப்பாத்திக்கள்ளி மடல் எல்லாம் நம் வேலியிலும் கொல்லையிலும் கிடைப்பவை. பாலக்கில் ஆக்சலேட் அதிகம், கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். வெள்ளரி கூடினால் பேதியாகும். பீட்ரூட் கொடுத்த மறுநாள் சிவப்பாகப் பார்த்து ரத்தம் என்று பதறுபவர்கள் நிறைய. தழையைக் கழுவி ஈரம் சொட்டச் சொட்ட வைப்பதே நீர் சேர்க்க எளிய வழி. கால்சியம் பொடி, திருநீறு பூசியது போல மெல்லிசாகப் படிந்தால் போதும். மாவில் புரட்டியது போலத் தூவினால் மலம் வெளுத்துக் கட்டியாகும்.

சூடும் நீரும் சரியாக இருந்தும் போகவில்லை என்றால் வெந்நீர்க் குளியல். 32 முதல் 35 டிகிரி, தோள் மட்டத்துக்குக் கீழே தண்ணீர், 15 நிமிடம். மூக்கு முங்கக்கூடாது, விட்டுவிட்டு நகரக்கூடாது. விரல் நுனியால் வயிற்றை நெஞ்சிலிருந்து வால் பக்கமாக மெதுவாக நீவலாம். பலதும் தொட்டியிலேயே போய்விடும். அந்தத் தொட்டியை அதற்கென்றே ஒதுக்குங்கள். சால்மோனெல்லா இருக்கும், சமையல் பாத்திரத்தோடு சேரக்கூடாது. கட்டி இறங்காவிட்டால் நசுக்கிய பப்பாளி ஒரு சிட்டிகை நாக்கில் தடவலாம். பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுத்த பழக்கத்தில் விளக்கெண்ணெயை வாயில் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் கெடும், மலச்சிக்கலைவிட வேகமாகக் கொல்லும்.

பேதி வேறு ரகம். சளியோடு, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றத்தோடு இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் காக்சிடியா என்னும் குடல் ஒட்டுண்ணியோ புழுவோ இருக்கலாம். புது மலத்தைச் சுத்தமான சிறு டப்பாவில் எடுத்து, பிரிட்ஜில் வைத்து, ஃப்ரீசரில் அல்ல, 24 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆட்டுக்கும் நாய்க்கும் செய்யும் அதே மிதவைப் பரிசோதனைதான் (மலத்தைக் கரைசலில் கலந்து, மேலே மிதக்கும் முட்டைகளைப் பார்ப்பது), மைக்ரோஸ்கோப் உள்ள கால்நடை ஆய்வகத்தில் கேட்டுப் பார்க்கலாம். இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நமக்குப் பெரிய வசதி. ஊசிப்புழு கொஞ்சம் இருந்தால் எல்லா டாக்டரும் மருந்து தரமாட்டார்கள், அது தவறல்ல. காக்சிடியா முட்டை பிளீச்சிங் பவுடருக்குச் சாகாது. கொதிநீர் ஊற்றிக் கழுவி, பேப்பரை அன்றாடம் மாற்ற வேண்டும். மருந்து முடிந்து இரண்டு முதல் நான்கு வாரத்தில் மறுபரிசோதனை.

வளர்ந்த பெண் டிராகன், ஆண் துணை இல்லாமலே முட்டை கட்டும். வயிறு உப்பி, உணவை மறுத்து, மூலை மூலையாகப் பறித்தால் அதை மலச்சிக்கல் என்று நீவிவிடாதீர்கள். ஓர் அடி ஆழத்துக்கு ஈரமணல் நிரப்பிய பெட்டி வையுங்கள்.

பின்னங்கால் இழுத்து நடந்தால், தாடி (தாடைக்குக் கீழே உள்ள முள்தோல்) கறுத்து முக்கினால், குட்டி நான்கு நாளும் வளர்ந்தது இரண்டு வாரமும் தின்றுகொண்டே போகாமலிருந்தால் எக்ஸ்ரே தேவை. ஆசனவாயில் சிவந்த சதை வெளியே தொங்கினால் அன்றே போக வேண்டும். உள்ளே தள்ளாமல், சலைனில் நனைத்த சுத்தமான துணியைச் சுற்றி ஈரம் காயாமல் வைத்திருங்கள். பயணத்துக்கு மூடியில் துளையிட்ட அட்டைப்பெட்டி, அடியில் துண்டு, மழைநாளானால் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் ஒரு பக்கம். காலண்டர் தாளையும், கடைசியாக விழுந்த மலத்தையும், கல்லின் வெப்ப அளவையும் எடுத்துச் செல்லுங்கள். ஓணான் வகையை அதிகம் பார்த்திராத டாக்டருக்கு அந்த மூன்றும் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.