சைக்கிள் இல்லாத 21 கிலோமீட்டர்: மும்பை அரை மாரத்தான்

21.1 கிலோமீட்டர் எனக்குப் புதிது கிடையாது. கோவா அயர்ன்மேன் 70.3 ட்ரையத்லானை (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் போட்டி) 2022-லும் 2023-லும் முடித்திருக்கிறேன். அங்கே கடலில் 1.9 கிலோமீட்டர் நீந்தி, 90 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து முடித்த பிறகுதான் இதே அரை மாரத்தான் தூரத்தை ஓட வேண்டும். அதனால் 2024 ஜனவரி 21-ம் தேதி நடந்த டாடா மும்பை மாரத்தானில் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தபோது, நீச்சலும் இல்லை, சைக்கிளும் இல்லை, வெறும் ஓட்டம்தானே, இதில் என்ன இருக்கப்போகிறது என்றுதான் நினைத்தேன். கோவாவில் ஓட்டத்துக்கு மட்டும் 2 மணி 21 நிமிடம் ஆனது, களைக்காத புதுக் காலோடு ஓடினால் 1:50 வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். வந்தது 1:58. அந்த எட்டு நிமிடம் எங்கே போனது என்பதையும், இந்த ஓட்டத்துக்காகச் சென்னையிலிருந்து டிக்கெட் எடுத்துப் போவது தேறுமா என்பதையும் எழுதுகிறேன்.

முதலில் நடைமுறை விஷயங்கள். பிப்பை (நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் அட்டை) நேரில் போய்த்தான் வாங்க வேண்டும், ஓட்டத்துக்கு முந்தைய நாட்களில், பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸ் பக்கம் நடக்கும் எக்ஸ்போவில். வெளியூர்க்காரர்களுக்கு இதனால் ஒரு நாள் கூடுதலாகச் செலவாகும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமைக்கு விடாமல் வெள்ளியே வாங்கிவிடுவது நல்லது, ஏனென்றால் எக்ஸ்போவுக்குள் போனால் ஷூ, கண்ணாடி, புரோட்டீன் பவுடர் என்று கடை கடையாகச் சுற்றி, ஓட வேண்டிய கால்களை அங்கேயே பாதி தீர்த்துவிடுவோம். நான் தீர்த்தேன்.

தங்க மாட்டுங்கா பக்கம் பாருங்கள். அரை மாரத்தான் மாஹிமில் ரேத்தி பந்தரில் தொடங்குகிறது, அங்கிருந்து ரொம்பப் பக்கம், சாப்பாட்டுக்கும் கவலை இல்லை. நான் இருந்த லாட்ஜ் மட்டும் (பெயர் வேண்டாம்) அதிகாலை மூன்று மணிக்கு டீயும் பிரெட்டும் தயாராக இருக்கும் என்று சத்தியம் செய்தது, மூன்று மணிக்கு இறங்கிப் பார்த்தால் ரிசப்ஷனில் ஒரு போர்வை மட்டும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. பையில் இருந்த கோவில்பட்டி கடலை மிட்டாயும் இரண்டு வாழைப்பழமும்தான் காப்பாற்றின.

டாக்ஸி ஓட்டியவர் தாராவிக்காரர், பூர்வீகம் திருநெல்வேலி. எங்கே ஓட்டம் என்று கேட்டார், கடல் பாலம் வழியாக என்றேன். "நாங்க டாக்ஸியில போனாலே டோல் கேப்பான். நீங்க ஓடிப் போறதுக்கும் துட்டு கட்டிட்டா வந்திருக்கீய?" என்றார். "ஆமாண்ணாச்சி" என்பதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

ஆனால் காசு கட்டுவதே அந்தப் பாலத்துக்காகத்தான். பாந்த்ரா–வொர்லி சீ லிங்க் 5.6 கிலோமீட்டர், மற்ற நாட்களில் நடந்து போகவோ பைக்கில் போகவோ அனுமதி கிடையாது.

ஐந்து மணிக்குத் துப்பாக்கி. அந்த வருடம் எல்லாப் பிரிவும் சேர்த்து சுமார் 59,000 பேர் என்றார்கள், அரை மாரத்தானில் மட்டுமே ஒரு சின்ன ஊர் நிற்கிற மாதிரி இருந்தது. பழைய ஓட்டங்களின் நேரச் சான்றிதழ் கொடுத்தால் அதற்கேற்ற வரிசை கிடைக்கும். தனியாக ஓடிய அரை மாரத்தான் சான்றிதழ் எதுவும் என்னிடம் இல்லை, எனவே பின்வரிசை, கோடு தாண்டவே கால் மணி நேரம் ஆனது. ட்ரையத்லான்காரர்களுக்கு இந்தக் கூட்டம் விசித்திரமாக இருக்கும். அயர்ன்மேனில் சைக்கிளில் முன்னால் போகிறவரிடமிருந்து 12 மீட்டர் தள்ளிப் போகவில்லை என்றால், அவர் முதுகுக்குப் பின்னால் காற்றுக்கு ஒளிந்து போனதாக டிராஃப்டிங் பெனால்டி. ஓட்டம் வருவதற்குள் ஆட்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிவிடுவார்கள், பல நேரம் நாமும் நம் நிழலும் மட்டும்தான். இங்கே 12 சென்டிமீட்டர் இடைவெளிகூட இல்லை, ஒருவரின் முதுகுக்குப் பின்னாலேயே ஓடும்போது நடுவர் விசில் அடித்துவிடுவாரோ என்று எனக்குக் கொஞ்சநேரம் உறுத்தலாகவே இருந்தது.

முதல் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 20 விநாடி. இழந்த நேரத்தைப் பிடிக்கிறேன் என்று பைக் மெக்கானிக் ட்ராஃபிக்கில் நுழைகிற மாதிரி இடது வலது என்று வளைந்து ஓட ஆரம்பித்தேன். இதுதான் முதல் தப்பு. வளைந்த கணக்கெல்லாம் சேர்ந்து கடைசியில் வாட்ச் 21.5 காட்டியது.

இரண்டாவது தப்பு பாலத்தில். 70.3-இல் சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு ஓட ஆரம்பிக்கும்போது கால் இரண்டும் யாருடையதோ மாதிரி இருக்கும். நாம் விரும்பினாலும் வேகமாகப் போக முடியாது, அந்தக் களைப்பே நமக்குக் கடிவாளம். எனக்குத் தெரிந்த 21 கிலோமீட்டர் எல்லாமே அந்தக் கடிவாளத்தோடு ஓடியவை. வாரா வாரம் செய்யும் பிரிக் பயிற்சியும் அப்படித்தான், ஈசிஆரில் சைக்கிள் முடித்த கையோடு ஓட்டம். புதுக் காலோடு, குளிர்ந்த காற்றில், நாலு பக்கமும் ஆட்களோடு ஓடுவது எப்படி இருக்கும் என்று என் உடம்புக்கே தெரியாது. (மும்பைக்காரர்கள் புழுக்கம் என்று புலம்பினார்கள். சென்னையிலிருந்து போகிறவனுக்கு அது கொடைக்கானல்.) பாலத்தில் 4:55, 4:50 என்று பேஸ் (ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரம்) போனது, மூச்சு வாங்கவே இல்லை, சும்மா பேசிக்கொண்டே போகலாம் போல இருந்தது. நீச்சலும் சைக்கிளும் நெஞ்சையும் நுரையீரலையும் நன்றாக வளர்த்துவிடுகின்றன, அதனால் மூச்சு நமக்கு எச்சரிக்கை கொடுக்காது. தார் ரோட்டில் அந்த வேகத்தில் ஆயிரக்கணக்கான தடவை குத்துகிற அடியைத் தாங்குவது தொடையும் கெண்டைக்காலும்தான், வாரத்துக்கு முப்பது கிலோமீட்டர் மட்டும் ஓடுகிறவனுக்கு அவை அந்த அளவுக்குத் தேறியிருக்காது. இது பிறகு புரிந்தது.

பாலத்தைப் பற்றி ஒரு ஏமாற்றம் சொல்ல வேண்டும். ஜனவரியில் மும்பையில் சூரியன் உதிக்கவே ஏழே கால் ஆகும். ஐந்து மணிக்குக் கிளம்புகிற அரை மாரத்தான்காரர்கள் எவ்வளவு மெதுவாகப் போனாலும் பாலத்தைக் கடக்கும்போது இருட்டுதான். விளம்பரப் படங்களில் வரும் நீலக் கடல் எங்கே என்று தேடாதீர்கள். விளக்கு வரிசையும், மேலே விசிறி மாதிரி விரியும் கேபிள்களும், கீழே எங்கேயோ உப்பு வாடையும்தான். ஆனால் கார் சத்தமே இல்லாத அந்தப் பாலத்தில் ஆயிரக்கணக்கான ஷூக்கள் ஒன்றாகத் தட்டுகிற சத்தம் இருக்கிறதே, மழை வருகிற மாதிரி, அதற்காகவே போகலாம்.

அப்புறம் வொர்லி, ஹாஜி அலி, பிறகு பெடர் ரோடு ஏற்றம். சென்னையில் எங்களுக்கு மேம்பாலம்தான் மலை, எனவே இந்த ஏற்றத்தைப் பற்றி ஊரே பயமுறுத்தியிருந்தது. ஏறும்போது மெதுவாகி 6:20-க்கு வந்துவிட்டேன், அதுகூடப் பரவாயில்லை. கெம்ப்ஸ் கார்னர் பாலத்தில் இறங்கும்போதுதான் தொடை இரண்டும் கையெழுத்துப் போட்டு ராஜினாமா கொடுத்தன. இறக்கத்தில் இடத்தைப் பிடிக்கலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து ஒரு மாதம் முன்பே இறக்கத்தில் ஓடிப் பழகுங்கள்.

இந்த ஓட்டத்துக்கு ஐந்தில் ஐந்து மதிப்பெண் கொடுப்பதற்குக் காரணம் பெடர் ரோட்டு மக்கள். விடியாத நேரத்தில் நைட்டியோடு, சால்வையோடு, குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு கீழே இறங்கி நிற்கிறார்கள். உரித்த ஆரஞ்சுச் சுளை, பிஸ்கட், உப்பு, சிக்கி, எல்லாம் அவர்கள் வீட்டுக் காசில். எழுபது வயது இருக்கும் ஒரு பாட்டி, தட்டை என் முகத்துக்கு நேராக நீட்டி, நான் வேண்டாம் என்று தலையாட்டியதும் மராத்தியில் திட்டினார். புரியவில்லை, ஆனால் எங்கள் அத்தை திட்டுகிற அதே ராகம். வாங்கிச் சாப்பிட்டேன். இன்னொரு பக்கம் வலி நிவாரண ஸ்ப்ரேயோடு தன்னார்வலர்கள். அந்த வாடை மூக்கில் ஏறினாலே இந்திய மாரத்தானில் பாதி தூரம் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம்.

மெரின் டிரைவ் அழகுதான், ஆனால் எனக்கு அங்கே வயிறு. 70.3 பழக்கத்தில் அரை மணிக்கு ஒரு ஜெல் (ஓடும்போதே விழுங்கும் சர்க்கரைப் பசை) என்று போட்டுக்கொண்டே வந்திருந்தேன். ஆறேழு மணி நேரப் போட்டிக்கு அது தேவை, இரண்டு மணி நேரத்துக்கு இரண்டு போதும். மூன்றாவது ஜெல் உள்ளே போய்ப் பஞ்சாயத்து வைத்தது. கடைசி ஆறு கிலோமீட்டர் ஆறு நிமிடப் பேஸில், மற்றவர்கள் எல்லாம் என்னைத் தாண்டிப்போவதைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். இதில் பலரைப் பாலத்தில் நான் வளைந்து வளைந்து முந்தியிருந்தேன். ஆசாத் மைதானத்தை ஒட்டி முடிக்கும்போது வானம் அப்போதுதான் வெளுத்திருந்தது. கழுத்தில் மெடல், மாடிப்படியைப் பார்த்தால் பயம்.

மாட்டுங்காவுக்குத் திரும்பி கிங்ஸ் சர்க்கிள் கஃபே மெட்ராஸில் ரச வடையும் ஃபில்டர் காபியும் சாப்பிட்டேன். ஞாயிறு என்பதால் வாசலில் வரிசை, பாதிப் பேர் கழுத்தில் மெடல். உட்கார இடம் கிடைத்ததும் எதிரே இருந்தவர் முழு மாரத்தான் ஓடியவர். அவர்களும் ஐந்து மணிக்கே கிளம்புகிறார்கள், ஆனால் தென்முனையிலிருந்து சுற்றி வருவதால் பாலத்துக்கு வரும்போது விடிய ஆரம்பித்துவிடுமாம், கடல் முழுதாகத் தெரியுமாம். போனில் படம் காட்டினார். நான் இன்னொரு காபி சொன்னேன், 42 கிலோமீட்டருக்கு எத்தனை ஜெல் எடுத்தார் என்று கேட்டேன்.