14,500 ரூபாய் கொடுத்து, என்னிடம் இருந்ததையே வாங்கினேன்

லெப்டொப்பை ஃபோர்மட் பண்ணக் கடைக்குக் கொண்டுபோக நினைத்திருக்கும் மலையகத்து ஆசிரியர்கள், மாணவர்கள் எல்லோரும் போவதற்கு முன் இதை ஒரு தடவை வாசித்துவிடுங்கள். விண்டோஸ் லைசன்ஸ் என்ற பேரில் ஒரு கடை என்னை ஏமாற்றிய உண்மை நேற்று இரவு பன்னிரண்டு மணிக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. எழுத்து முன்னுக்குப் பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையின் பெயரைப் போடப் போவதில்லை. போன் ரிப்பேர், போட்டோ கொப்பி, பிரிண்டர் மை, லெப்டொப் எல்லாம் ஒரே மேசையில் நடக்கும் வகைக் கடை. ஹட்டனிலும் அப்படி உண்டு, பண்டாரவளையிலும் உண்டு, உங்கள் டவுனிலும் நாலைந்து இருக்கும்.

என் லெப்டொப் 2019இல் வாங்கியது. நியமனம் கிடைத்த பிறகு மிச்சம் பிடித்து, பெட்டி பிரிக்காத புது மெஷினாக, விண்டோஸ் 10இன் ஹோம் எடிஷன் போட்டபடியே வாங்கினேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே இதில்தான் இருக்கிறது. ஐந்து வருடம் நன்றாகத்தான் உழைத்தது. 2025 தொடக்கத்திலிருந்து மந்தம். ஓன் பண்ணிவிட்டுப் போய் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

மே மாத நடுவில் ஒரு சனிக்கிழமை, மழையோடு மஸ்கெலியா பஸ்ஸில் ஏறி டவுனுக்குப் போனேன். கடையில் இருந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மெஷினைத் திறக்கும் முன்பே கேட்டான்.

“டீச்சர் எந்தத் தோட்டம்?”

சொன்னேன்.

“அட, எங்க சித்திய அங்கதான் கட்டிக் குடுத்திருக்கு டீச்சர். எங்கம்மாவும் கொழுந்து எடுத்துத்தான் எங்கள படிக்க வச்சாங்க. உங்ககிட்ட போய் ஏமாத்துவேனா?”

ஏமாற்றுவாயா என்று நான் கேட்கவே இல்லை. அவனாகத்தான் சொன்னான். அந்த இடத்திலேயே லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். நானோ உருகிப்போய், “அம்மா எப்படி இருக்காங்க தம்பி?” என்று குசலம் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அவன் சொன்னது: ஒக்டோபரோடு விண்டோஸ் 10 முடியப் போகிறது, இனி 11தான், உங்கள் மெஷின் அதைத் தாங்கும். இதில் எதுவும் பொய்யில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடியும் என்று மைக்ரோசொஃப்ட் முன்பே அறிவித்திருந்ததுதான். என் மெஷினில் எட்டாம் தலைமுறை புரொசஸர் இருக்கிறது, 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இருக்கிறது. இவ்வளவு உண்மைக்குப் பின்னால்தான் அந்தப் பொய் வந்தது.

“ஆனா டீச்சர், 11 போட்டா பழைய லைசன்ஸ் செத்துரும். புதுசு வாங்கணும். ஒரிஜினல் புரோ எடிஷன் போட்டுத் தர்றேன். லைஃப்டைம்.”

விண்டோஸ் 9,000. ஒஃபிஸ் 3,500. வேலைக்கூலி 2,000. மொத்தம் 14,500 ரூபாய். என் அம்மா இன்னும் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகிறார். பேர் என்றால் ஒரு நாள் வேலை. 2025இல் ஒரு பேருக்கு 1,350 ரூபாய். 14,500 என்றால் கிட்டத்தட்ட பதினொரு பேர். கிலோ குறைந்தால் அரைப் பேர் போடுகிற கங்காணியாவது அதை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போடுவார்.

துண்டு பில்லில் “சொஃப்ட்வெயார் 14,500” என்று மட்டும் எழுதினான். மேலே “வாரண்டி 6 மாதம்” என்று ஒரு சீல். லைஃப்டைம் லைசன்ஸுக்கு எதற்கு ஆறு மாத வாரண்டி என்று எனக்குத் தோன்றவில்லை. பாமினி எழுத்துருவைப் போட்டுத் தந்ததற்கு மட்டும் காசு எடுக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் சி டிரைவோடு சேர்த்து டி டிரைவையும் துடைத்துவிட்டிருந்தான். ஐந்து வருடமாக நான் டைப் பண்ணிச் சேர்த்த புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள்கள் அதில்தான் இருந்தன. கேட்டதற்கு, “நீங்க சொல்லலியே டீச்சர்” என்றான். அதைக்கூட என் பிழைதான் என்று விழுங்கிக்கொண்டேன்.

ஒக்டோபர் கடைசியில் திரையில் ஒரு செய்தி வந்தது. உங்கள் விண்டோஸ் லைசன்ஸ் விரைவில் காலாவதியாகும் என்று. போன் எடுத்தேன். “அது சும்மா வரும் டீச்சர், க்ளோஸ் பண்ணிருங்க.” பண்ணினேன். மறுநாளும் வந்தது. “உங்க பக்கம் நெட் வீக், அதான்.” மூன்றாவது தடவை, மைக்ரோசொஃப்ட் சேர்வரில் பிரச்சினை, அவர்களே சரிசெய்வார்களாம். நான்காவது தடவை நேரில் போனேன். பையன் இல்லை. “ஓனர் கொழும்புக்குப் போயிருக்கார், திங்கட்கிழமை வாங்க” என்றார்கள். எனக்குத் திங்கட்கிழமை பள்ளிக்கூடம். அடுத்த சனிக்கிழமை போனபோது ஓனர் இருந்தார். டீச்சராக இருந்த நான் அன்றைக்கு ‘மேடம்’ ஆகியிருந்தேன். “பையன் லீவுல இருக்கான் மேடம். வந்ததும் கோல் எடுக்கச் சொல்றேன்.” அந்தக் கோல் இன்றுவரை வரவில்லை.

நவம்பர் நடுவில் திரையின் வலது பக்க மூலையில், விண்டோஸை அக்டிவேட் பண்ணு என்று மங்கலாக எழுத்து வந்து உட்கார்ந்துகொண்டது. வேர்டைத் திறந்தால் மேலே சிவப்புப் பட்டை. 14,500 ரூபாய்க்கு வாங்கிய லைஃப்டைம், சரியாக ஆறு மாதம்.

கொழும்பில் ஒரு கம்பனியின் கம்பியூட்டர் பிரிவில் வேலை செய்கிற என் பெரியம்மா மகன் தம்பியிடம் கடைசியாகத்தான் கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்கலாம். அவனுக்கு எதற்குத் தொந்தரவு என்று நினைத்தேன். வட்ஸ்அப் வீடியோவில் வந்து, “அக்கா, கமாண்ட் புரொம்ப்ட்னு இருக்கிற கறுப்புத் திரையத் திறந்து நான் சொல்றத அடிங்க” என்றான். எஸ்எல்எம்ஜிஆர், ஒரு இடைவெளி, ஸ்லாஷ், டிஎல்வி (slmgr /dlv). ஒரு பெட்டி வந்தது. அதில் வொலியூம் (மொத்த லைசன்ஸ்), கேஎம்எஸ் கிளையன்ட் என்று இருந்தது. அவன் சிரித்துவிட்டான்.

“அக்கா, சொந்தமா வாங்குற ஒரிஜினல் விண்டோஸுக்கு முடியிற திகதியே கிடையாது.”

அவன் விளங்கப்படுத்தியதை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். நூற்றுக்கணக்கில் கம்பியூட்டர் வைத்திருக்கும் கம்பனிகள், பல்கலைக்கழகங்களுக்கு மைக்ரோசொஃப்ட் மொத்தமாக லைசன்ஸ் கொடுக்கிறது. அங்கே ஒவ்வொரு மெஷினிலும் கீ, அதாவது லைசன்ஸுக்கான குறியீட்டெண், போட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதால் நிறுவனத்துக்குள்ளேயே கேஎம்எஸ் என்ற ஒரு சேர்வர் இருக்கும். மெஷின்கள் ஏழு நாளைக்கு ஒரு தடவை அதைத் தொட்டுப் பார்த்துப் புதுப்பித்துக்கொள்ளும். தொட முடியாமல் போனால் கடைசியாகத் தொட்ட நாளிலிருந்து 180 நாள் தாங்கும். என் மெஷினை எங்கேயோ இருக்கும் ஊர்பேர் தெரியாத ஒரு சேர்வரை ஒரே ஒரு தடவை தொட வைத்து, என் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். 180 நாள் ஓடும், வாரண்டி ஆறு மாதம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நாளில் முடிகிறது. தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இது கூடப் பரவாயில்லை. என் வயிறு எரிவது அடுத்த விஷயத்துக்கு.

விண்டோஸ் போட்டே விற்கும் மெஷின்களில் அதன் கீ மதர்போர்டின் சிப்பிலேயே பதிந்து வருகிறதாம். விண்டோஸ் 8 காலத்திலிருந்தே அப்படித்தானாம். ஃபோர்மட் பண்ணினாலும் அது அழியாது. திரும்ப அதே எடிஷனைப் போட்டால், அந்த மெஷின் தாங்குமென்றால் 10க்குப் பதில் 11ஐப் போட்டாலும், நெட் கிடைத்ததும் தானாகவே அக்டிவேட் ஆகிவிடும். என்னுடையது ஹோம். கடைக்காரன் போட்டது புரோ. ஹோம் கீ புரோவைத் திறக்காது. அதாவது என் சொந்தச் சாவி நுழையாத பூட்டை மாட்டிவிட்டு, கள்ளச் சாவிக்கு என்னிடம் 9,000 ரூபாய் வாங்கியிருக்கிறான்.

நேற்று இரவு தம்பி சொல்லச் சொல்ல நானே போட்டேன். மைக்ரோசொஃப்டின் சொந்தத் தளத்திலிருந்து 8 ஜீபீ பென்டிரைவில் ஏற்றி, விண்டோஸ் 11 ஹோம். டேட்டாதான் கொஞ்சம் தின்றது. கீ கேட்கவே இல்லை. வைஃபையைக் கொடுத்துவிட்டுச் செட்டிங்ஸில் பார்த்தால், டிஜிட்டல் லைசன்ஸ் மூலம் அக்டிவேட் ஆகியிருக்கிறது என்று எழுதியிருக்கிறது. செலவு பூச்சியம். 2019இலேயே நான் காசு கட்டி முடித்த சாமான்!

துடைக்கும் முன் தம்பி இன்னொன்றையும் பார்த்தான். சி டிரைவில் ஒரு ஃபோல்டரை வைரஸ் தேடலில் பார்க்க வேண்டாம் என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். உள்ளே என்ன இருந்ததோ தெரியாது. ஆறு மாதமாக அந்த மெஷினில்தான் நான் பேங்க் கணக்குப் பார்த்தேன். இரவோடு இரவாகப் பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் மாற்றினேன்.

இன்று காலை கடைக்குப் போன் எடுத்தேன். ஓனர்தான். “வாரண்டி முடிஞ்சிருச்சே மேடம்” என்றார். நான் விடவில்லை. “நீங்களே ஃபோர்மட் பண்ணிட்டீங்க. இனி எங்க வேலைய நாங்க எப்படிச் செக் பண்றது?” என்றார். நல்லவேளை, அந்தக் கேஎம்எஸ் பெட்டியைத் தம்பி போனில் படம் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தான். அதைச் சொன்னதும் லைன் கட்டாகிவிட்டது. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு நாளை போன் எடுக்கப் போகிறேன். லைசன்ஸ் என்ற சொல்லே இல்லாத இந்தத் துண்டு பில்லை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியுமோ, போகிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், நேரம் இல்லை. கடைக்குக் கொடுக்கும் முன் செட்டிங்ஸில் அக்டிவேஷன் பக்கத்தைப் படம் எடுங்கள், ஹோமா புரோவா என்று பாருங்கள், அதையே திரும்பப் போடச் சொல்லுங்கள். காசு கொடுக்கும் முன் அங்கேயே எஸ்எல்எம்ஜிஆர் ஸ்லாஷ் எக்ஸ்பிஆர் (slmgr /xpr) அடிக்கச் சொல்லுங்கள். நிரந்தரம் என்று வராமல் ஒரு திகதி வந்தால் காசு கொடுக்காதீர்கள். மதர்போர்டை மாற்றினால் கதை வேறு, அதற்கு முன்பே லைசன்ஸை மைக்ரோசொஃப்ட் கணக்கோடு இணைத்து வையுங்கள். டி டிரைவை வேறு எங்காவது கொப்பி பண்ணாமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். ஒஃபிஸ் வாங்கக் காசு இல்லையென்றால் லிப்ரே ஒஃபிஸ் இலவசம், நான் இப்போது அதைத்தான் போட்டிருக்கிறேன்.

நாளைக் காலை ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வினாத்தாள் கொடுக்க வேண்டும். பாமினியை இன்னும் போடவில்லை.