மெர்சிங் தீவுப் பயணம்: ரெங்கம், குளுவாங் பக்கத்து ஆளுங்க காசு கட்டுறதுக்கு முன்னால படிங்க

போன செப்டம்பர் 16, மலேசிய தினத்தன்று நாங்கள் பதினேழு பேர் ஜொகூர் மாநிலத்து மெர்சிங் படகுத்துறையில் காய்ந்த கதை இது. முடிந்துபோனது என்று விட்டிருப்பேன். ஆனால் அதே விளம்பரம் இந்த வாரம் எங்கள் தாமான் (குடியிருப்பு) புலனக் குழுவில், அதாவது வாட்ஸ்அப்பில், மறுபடியும் வந்திருக்கிறது. கண்ணாடி மாதிரித் தண்ணீர், அதில் ஒரு வெள்ளைப் படகு, "5 தீவு, முழுப் படகும் உங்க குடும்பத்துக்கே". கம்பெனிப் பெயர் வேறு, கைப்பேசி எண் வேறு. படம் மட்டும் அதே படம்.

நான் தோட்டத்து ஆபிஸில் கிராணி, கணக்கு எழுதுகிறவள். மில்லுக்குப் போகிற செம்பனைக் குலை லோரியின் எடைச்சீட்டில் பத்து கிலோ இடித்தாலும் டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்கிறவள். அந்த நான்தான் ஒரு சீட்டும் வாங்காமல் 2,550 வெள்ளியை (ரிங்கிட்) முகம் தெரியாத ஒரு தம்பியின் கணக்கில் போட்டேன். வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

போனதே அம்மாவுக்காக. அப்பா எழுபதுகளின் கடைசியில் தோட்டத்து லோரி ஓட்டியவர். மெர்சிங் பக்கம் போய்வரும்போதெல்லாம், வியட்நாமிலிருந்து படகில் வந்தவர்களைத் தெங்காத் தீவில் முகாம் போட்டு வைத்திருப்பதைப் பற்றிச் சொல்வாராம். "கைப்பிள்ளையோட அத்தனை கடலைத் தாண்டி வந்திருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிடுவாராம். அப்பா போய் மூன்று வருடமாகிறது. அந்தத் தீவை ஒரு தடவை பார்க்கணும் என்று அம்மா கேட்டார். விளம்பரத்தில் ராவா, பெசார், தெங்கா, ஹுஜோங், சீபு என்று ஐந்து பெயர் இருந்தது. தெங்காவைப் பார்த்ததும் வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

பார்த்திருக்க வேண்டும். சீபுவுக்கு ஆட்கள் வழக்கமாகத் தெற்கே தஞ்சோங் லெமான் படகுத்துறையிலிருந்துதான் போவார்கள். மெர்சிங்கிலிருந்து ஒரே நாளில் ஐந்தையும் சுற்றி, ஒவ்வொன்றிலும் இறங்கிக் குளித்து, மாலைக்குள் திரும்புவது என்பது வரைபடத்தில் விரலை வைத்து ஓட்டுகிற கணக்கு. அதைவிட, அதே விளம்பரத்தில் "ஸ்நோர்க்கல், தூண்டில் இரண்டும் உண்டு" என்று போட்டிருந்தான். அந்தத் தீவுகளெல்லாம் கடல் பூங்கா. 1985 மீன்வளச் சட்டப்படி கரையிலிருந்து 2 கடல் மைலுக்குள் மீன் பிடிக்கவே கூடாது. தொழில் தெரிந்தவன் இப்படி எழுதமாட்டான்.

பேச்சு மட்டும் தேன். "அக்கா, வெளியாளுங்களுக்கு மூவாயிரத்து ஐந்நூறு. நம்ம ஆளுங்கன்னு கொறைச்சுப் போட்டிருக்கேன், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." எஸ்.எஸ்.எம். (மலேசிய நிறுவனப் பதிவு ஆணையம்) பதிவுத்தாளின் படத்தைக்கூட அனுப்பினான். அதைப் பார்த்து லைசென்ஸ் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அது வியாபாரப் பெயரைப் பதிந்ததற்கான தாள், அவ்வளவுதான். நாளைக்கு நான் வடைக்கடை போட்டாலும் எனக்கும் கிடைக்கும். சுற்றுலா நடத்த 1992-ஆம் வருடச் சுற்றுலாத் தொழில் சட்டத்தின் கீழ் சுற்றுலா அமைச்சு கொடுக்கிற உரிமம் தனி. அவன் விளம்பரத்தில் அந்த எண் எங்கேயும் இல்லை.

முன்பணம் 1,500. முதல் நாள் இரவு பத்து மணிக்கு மறுபடி அழைத்தான். "போட்டுக்கு எண்ணெய் ஊத்தணும்க்கா, மீதியையும் இப்பவே போட்டுடுங்க, காலையில தொல்லை இருக்காது." போட்டேன். எந்தப் படகு, யாருடைய படகு, எத்தனை பேர் ஏறலாம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காலை ஏழு மணிக்கு ஜெட்டியில் (படகுத்துறையில்) இருக்கச் சொன்னான். நாலரைக்கே கிளம்பி, கஹாங், ஜெமாலுவாங் வழியாக மூன்று காரில் போய்ச் சேர்ந்தோம். போனால் ஆற்றில் தண்ணீரே இல்லை. சேறு. பாதிப் படகுகள் அடி தரையில் பட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. சேற்றில் சின்னச் சின்ன மீன்கள் துள்ள, பிள்ளைகள் அதை எண்ணிக்கொண்டு நின்றார்கள். மெர்சிங் ஆற்று முகம் ஆழம் குறைவு. தண்ணீர் ஏறினால்தான் படகு வெளியே போக முடியும். தியோமான் தீவுக்குப் போகிற ஃபெர்ரியின் நேரமே அதைப் பார்த்துத்தான் நாளுக்கு நாள் மாறுகிறது. நீர்மட்ட அட்டவணையை முன்கூட்டியே பார்க்கலாம் என்று அங்கே தேநீர்க் கடைக்காரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏழு மணிக்கு வரச் சொன்னவனுக்கு அதுவும் தெரியவில்லை. நாங்கள் கொண்டுபோன நாசி லெமாக்கை ஜெட்டிப் படியிலேயே பிரித்துப் பசியாறினோம்.

பத்தே முக்காலுக்குப் படகு வந்தது. வெள்ளைப் படகு இல்லை. நீலச் சாயம் உரிந்த ஒரு பழைய படகு. ஓட்டி வந்தவர் ஒரு வயதான மலாய்க்காரர். எங்களைத் தலை எண்ணிவிட்டு, ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டியிருந்த தகட்டைத் தட்டிக் காட்டினார்: பன்னிரண்டு பேர். "துஜோ பெலாஸ் தாக் போலே, காக்" என்றார், பதினேழு பேர் முடியாது, அக்கா என்று. அந்த மனிதர் நல்லவர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஆசைப்பட்டு எல்லாரையும் ஏற்றியிருந்தால் நான் இதை எழுத இருந்திருப்பேனோ என்னவோ. மிதவைச் சட்டையும் பன்னிரண்டுதான் இருந்தது, அதிலும் இரண்டுக்குக் கொக்கி இல்லை, கயிறு போட்டுக் கட்டியிருந்தார்.

அவரிடம் பேசியதில்தான் எல்லாம் வெளியே வந்தது. ஐந்து தீவு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பெசார் தீவுக்குப் போய்வர 700 வெள்ளி என்று அந்தத் தம்பி பேசி, 300 அனுப்பி, மீதி 400-ஐ "ஆளுங்க தருவாங்க" என்றிருக்கிறான். நான் கட்டிய 2,550-இல் படகைப் பார்த்தது அந்த முந்நூறுதான். அவனுக்குச் சொந்தப் படகும் இல்லை, நிரந்தரமாகப் பேசி வைத்த படகும் இல்லை. முதல் நாள் இரவுதான் தேடிப் பிடித்திருக்கிறான்.

அழைத்தோம். எடுத்தான். "போட்காரன் தப்பா சொல்றான்க்கா, நான் பேசுறேன், அஞ்சு நிமிசம்." அந்த ஐந்து நிமிடம் இன்னும் முடியவில்லை.

கடைசியில் நாங்களே 400 கொடுத்து, என் வீட்டுக்காரரும் மச்சானும் மூன்று பையன்களும் ஜெட்டியில் தங்க, மற்றவர்கள் ஏறினோம். கடல் பூங்காக் கட்டணமும் தனியாகக் கட்டினோம். "எல்லாம் சேர்த்துத்தான்" என்று சொல்லியிருந்தான். பெசாரில் இரண்டு மணி நேரம் இருந்தோம். தண்ணீர் உண்மையிலேயே அழகுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்குள் நீர் வடிந்துவிடும், ஆற்றுக்குள் நுழைய முடியாது என்று படகுக்காரர் கூப்பிட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து குளுவாங்கில் போலீஸ் ரிப்போர்ட் செய்தேன். மோசடிக்காரர்களின் கணக்கா என்று பார்க்கிற போலீசின் செமாக் மியூல் இணையத்தளத்தில் அவன் கணக்கு எண்ணைத் தட்டினால் ஒன்றும் வரவில்லை. அந்த எண்ணின் மேல் அதில் புகார் ஏறவில்லை என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். சுத்தமான ஆள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏமாந்தது அன்றைக்கே தெரிந்தால் மோசடிப் புகார் எண்ணான 997-க்கு உடனே அழைக்க வேண்டும், பணம் கை மாறிப் போய்விட்டால் பிடிப்பது கஷ்டம். எனக்குப் பயனுள்ளதாக இருந்தது பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். மனுவுக்கு 5 வெள்ளி, வக்கீல் கிடையாது, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். சிக்கல் எதிர்த்தரப்பின் முகவரிதான். புலன எண்ணை வைத்து மனு போட முடியாது. அவன் பெருமைக்கு அனுப்பிய எஸ்.எஸ்.எம். தாளில் பதிவு எண் இருந்ததால், அதைக் கொண்டு அங்கேயே காசு கட்டித் தேடி உரிமையாளர் பெயரும் முகவரியும் எடுத்தேன். மனு போட்டாயிற்று, விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறேன்.

நவம்பர் வந்தால் வடகிழக்குப் பருவக்காற்று, பிப்ரவரி கடைசி வரை அந்தக் கடலுக்குப் போவது சரிவராது. அதனால் "சீசன் முடியப்போகுது, சீக்கிரம்" என்று இப்போது விரட்டுவான். படகின் பதிவு எண்ணையும், படகுக்காரரின் பெயரையும், எத்தனை பேருக்கு அனுமதி என்பதையும் எழுத்தில் கேளுங்கள். சொன்னால் அந்தப் படகுக்காரரிடமே பேசிப் பாருங்கள். "நம்ம ஆளுங்க" என்று ஆரம்பித்தால் போனை வைத்துவிடுங்கள்.

திரும்பி வரும்போது படகுக்காரர் வலது பக்கம் கை காட்டி "இத்து தெங்கா" என்றார். மிதவைச் சட்டை கழுத்தை இறுக்க, அம்மா இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் தோளைத் தட்டி, அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் தண்ணீர் முகத்தில் அடித்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எதும்மா, அந்தப் பச்சையா தெரியுதே, அதா?" என்று கேட்டார். அது வேறு தீவு. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.