650 சிசி ஸ்போர்ட் பைக்கும் டெல்டா சாலையும்: நின்ஜா, சிபிஆர், டேடோனா

தஞ்சாவூர் – திருச்சி நான்கு வழிச் சாலையில் மட்டும் ஓட்டிப் பார்த்தால் இந்த மூன்று பைக்குக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. மத்திய அரசு 2018-ல் அறிவித்த உச்ச வரம்பு இருசக்கர வாகனத்துக்கு நான்கு வழிச் சாலையில் மணிக்கு 80 கி.மீ., மற்ற சாலைகளில் 60. அந்த வேகத்துக்கு கவாஸாகி நின்ஜா 650, ஹோண்டா சிபிஆர் 650ஆர், டிரையம்ப் டேடோனா 660 மூன்றுமே மூச்சுக்கூட வாங்காது. குணம் வெளியே வருவது பாபநாசம் வழியாகக் கும்பகோணம் போகும் பழைய ரோட்டில்தான். ஊருக்கு ஊர் ஸ்பீட் பிரேக்கர், வாய்க்காலுக்கு வாய்க்கால் மேடாக எழும்பும் பாலம், முன்னால் டவுன் பஸ். 20-லிருந்து 60, 60-லிருந்து 20 என்று நாளெல்லாம் ஏறி இறங்குவதுதான் இங்கே ஓட்டம். அதனால் பிரோஷரில் முதலில் தேட வேண்டியது பவர் எவ்வளவு என்பதை அல்ல, டார்க் (எஞ்சினின் இழுவிசை) எந்த ஆர்.பி.எம்.மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றில்) வருகிறது என்பதை.

நின்ஜா 650-ல் 649 சிசி, இரட்டை சிலிண்டர். 8,000 ஆர்.பி.எம்.மில் பவர் 68 பி.எஸ்., 6,700-ல் டார்க் 64 நியூட்டன் மீட்டர். காகிதத்தில் பவரைப் பார்த்தால் மூன்றிலும் இதுதான் பலவீனமானது. ஆனால் ஸ்பீட் பிரேக்கரைத் தாண்டி இரண்டாம் கியரில் திராட்டிலைத் திறந்தால் 3,500-லேயே இழுவை வந்துவிடும். பஸ்ஸைத் தாண்டக் கியரைத் தேட வேண்டியதில்லை. சோம்பல்பட்டு மேல் கியரிலேயே 2,500-க்குக் கீழே விட்டால் மட்டும் செயின் தடதடவென்று அடிக்கும். அது கோளாறு அல்ல, இரட்டை சிலிண்டரின் சுபாவம். ஒரு கியர் குறைத்தால் போதும். குறைக்காமல் ஓட்டுபவர்களுக்குத்தான் செயினும் ஸ்பிராக்கெட்டும் சீக்கிரம் தேயும்.

சிபிஆர் இதற்கு நேர் எதிர். நான்கு சிலிண்டர் என்பதால் நான்காம் கியரில் 2,000-க்கும் அழுத்தம் இல்லாமல் பட்டுப்போல் ஊரும். கும்பகோணம் பெரிய கடைத் தெருவுக்கு இதைவிட சாதுவான பெரிய பைக் கிடையாது. உச்ச டார்க் 63 நியூட்டன் மீட்டர், அதுவும் 9,500 ஆர்.பி.எம்.மில். ஓவர்டேக் செய்ய இரண்டு கியர் குறைத்தாக வேண்டும். அந்த எஞ்சினின் பாட்டு ஆரம்பிப்பதே 8,000-க்கு மேல். இரண்டாம் கியரில் அந்த முள்ளைத் தொடும்போது வேகம் 80-ஐத் தாண்டியிருக்கும். ஆக, காசு கொடுத்து வாங்கிய சத்தத்தை இந்த ஜில்லாக்களில் சட்டப்படி கேட்க இடமே இல்லை.

டேடோனா 660 இரண்டுக்கும் நடுவில் இல்லை, இரண்டுக்கும் மேலே இருக்கிறது. மூன்று சிலிண்டர், 11,250-ல் 95 பி.எஸ்., 8,250-ல் 69 நியூட்டன் மீட்டர். டார்க்கில் 80 சதவீதத்துக்கு மேல் 3,125 ஆர்.பி.எம்.மிலேயே கிடைத்துவிடும் என்பது டிரையம்பின் கணக்கு. வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் மூன்றாம் கியரிலேயே விட்டாலும் முனகாது. எஞ்சின் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொன்னால் டெல்டாவுக்கு இதுதான். ஆனால் எஞ்சின் ஒன்றை மட்டும் வைத்து யாரும் பைக் வளர்ப்பதில்லை.

வயிற்றுப் பக்கத்தைப் பாருங்கள். நின்ஜாவின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 130 மி.மீ.; சைலன்சரும் அடிவயிற்றில்தான் இருக்கிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி ஸ்பீட் பிரேக்கர் 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் எந்த ஸ்போர்ட் பைக்கும் தட்டாது. கிராமத்தார் தாங்களே போடும் மேடு அகலம் ஒரு முழம், உயரம் முழங்கால் என்ற கணக்கு. இதைத் தாண்டும்போது பெரும்பாலோர் செய்யும் தப்பு, மேட்டின் மேல் ஏறும்வரை முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே போவது. பிரேக் பிடிபட்டிருக்கும்போது ஃபோர்க் (முன் சக்கரத்தின் ஷாக் குழாய்கள்) அமுங்கி, இருக்கிற 13 செ.மீ.யும் குறைந்துவிடும். மேட்டுக்கு முன்னாலேயே வேகத்தைக் கொன்றுவிட்டு, பிரேக்கை விட்டு, ஃபோர்க் எழுந்தபிறகு முதல் கியரில் உருட்டிவிட வேண்டும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் ஷாக்கின் ப்ரீலோடை (ஸ்பிரிங்கின் இறுக்கத்தை) இரண்டு படி கூட்டிக்கொள்வது நல்லது. டூல் கிட்டில் அதற்கான ஸ்பேனர் இருக்கிறதா என்று டெலிவரி அன்றே பார்த்துவிடுங்கள்.

காற்றழுத்தத்தில் ஒரு பெரிய குழப்பம். பஞ்சர் கடையில் எல்லா ஸ்போர்ட் பைக்குக்கும் ஒரே அளவு அடித்துவிடுகிறார்கள். நின்ஜாவுக்கு முன்னால் 32, பின்னால் 36 பி.எஸ்.ஐ.; சிபிஆருக்கு 36, 42. சிபிஆரின் அளவை நின்ஜாவுக்கு அடித்தால் ஒட்டுப்போட்ட ரோட்டில் கல்லின்மேல் உட்கார்ந்த மாதிரி குதிக்கும். நின்ஜாவின் அளவை சிபிஆருக்கு விட்டால் பாலத்து முனை விளிம்பில் ரிம் வளையும். காலையில் டயர் சூடாகும் முன் பார்க்க வேண்டும்.

இனி அறுவடை. குறுவைக்கு ஐப்பசி வாக்கிலும் சம்பாவுக்கு தை, மாசியிலும் ரோட்டின் பாதி களமாகிவிடும். காயவைத்த நெல்மேல் ஏறினால் டயருக்கு அடியில் ஒவ்வொரு மணியும் உருளும். ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) இருக்கிறது என்று நம்பி அங்கே முன் பிரேக்கைப் பிடித்தால் பைக் விழாமல் இருக்கலாம், ஆனால் நிற்காது. அதைவிட மோசம், பெல்ட் வண்டி (நெல் அறுக்கும் இயந்திரம்) வயலிலிருந்து ஏறிய இடத்தில் கிடக்கும் களிமண் கட்டி. காய்ந்திருந்தால் கல், நனைந்திருந்தால் சோப்பு. டேடோனாவில் ரெயின் மோடு (வழுக்கும் ரோட்டுக்கு எஞ்சினை மென்மையாக்கும் அமைப்பு) இருக்கிறது. இந்த மாதங்களில் அதைக் கார்த்திகை மழைக்கு மட்டும் என்று ஒதுக்காதீர்கள்.

வைக்கோல் துரும்பு இரண்டு இடத்தில் வேலையைக் காட்டும். ஒன்று, பின் ஸ்பிராக்கெட்டுக்கும் வீல் புஷ்ஷுக்கும் நடுவில் சுற்றிக்கொண்டு அங்குள்ள ரப்பர் சீலைத் தேய்க்கும். இன்னொன்று ரேடியேட்டர். முழு ஃபேரிங் (பைக்கைச் சுற்றிய பிளாஸ்டிக் மூடி) உள்ளே வந்த தூசியை வெளியே விடாது. ரேடியேட்டரின் ஃபின் (மெல்லிய தகடுகள்) அடைபட்டால் தேர் ஓடும் வீதியில் பத்து நிமிடம் நின்றாலே ஃபேன் ஓயாமல் சுற்றி, தொடையில் அனல் அடிக்கும். எஞ்சினே இப்படித்தான் என்று நினைத்துப் பலர் கூலண்ட் மாற்றுகிறார்கள். மாற்ற வேண்டாம். எஞ்சின் ஆறியபின் பக்க ஃபேரிங்கைக் கழற்றி, எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, குழாய்த் தண்ணீரை மெல்ல விட்டால் துரும்பு வந்த வழியே போய்விடும். வாட்டர் சர்வீஸ் கன்னை நேராகப் பிடித்தால் ஃபின் மடங்கும், அப்புறம் அடைப்பு நிரந்தரம். ஃபேரிங்கின் பிளாஸ்டிக் ரிவெட்டுகள் வெயிலில் முறுகிப்போய் கழற்றும்போது உடையும். பத்து ரிவெட் கூடுதலாக வாங்கி வைத்திருங்கள்.

நாகை, வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் ஓட்டுபவர்களுக்கு உப்புக்காற்று. முதலில் துருப் பூப்பது டிஸ்க் போல்ட்டுகளும் ரேடியேட்டர் கிளாம்ப்பும் செயினின் வெளித்தட்டும். சிபிஆரில் முன்னால் அழகாக வளைந்து இறங்கும் நான்கு எக்ஸாஸ்ட் குழாய்களின்மேல் சேறும் உப்பும் சேர்ந்து வேகும். பைக்கின் மிக அழகான பாகமே முதலில் கிழடாகும். கடற்கரை ரோட்டில் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில் அலச வேண்டும், ஆனால் குழாய் சூடு தணிந்தபின். செயினை மண்ணெண்ணெய் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, 500 கி.மீ.க்கு ஒருமுறை லூப் போடலாம். அடைமழையில் 200-க்கே வேண்டும். பெட்ரோல் ஊற்றிக் கழுவாதீர்கள், செயினுக்குள் இருக்கும் ரப்பர் ஓ ரிங் காய்ந்துவிடும். மூன்றிலும் சென்டர் ஸ்டாண்ட் கிடையாது. பேடாக் ஸ்டாண்டையும் (பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் தனி ஸ்டாண்ட்) பைக்கின் விலையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

சைடு ஸ்டாண்டுக்கு இந்த மண் எதிரி. ஆற்றங்கரை ஓரத்தில் நிறுத்திவிட்டு டீ குடித்து வருவதற்குள் ஸ்டாண்ட் மெத்தென்று இறங்கிவிடும். நின்ஜா 196 கிலோ, டேடோனா 201, சிபிஆர் 211. நின்ற இடத்தில் சாய்ந்தாலே கிளட்ச் லீவர், கண்ணாடி, பக்க பேனல் மூன்றும் போகும். ஸ்டாண்டுக்குக் கீழே போட, சீட்டுக்கு அடியில் உள்ளங்கை அகலத் தகரத் தகடு வைத்திருங்கள். இல்லையென்றால் சப்பையான தென்னை மட்டைத் துண்டே போதும்.

தோற்றத்தைப் பற்றிப் பேசினால் சண்டைதான் வரும். நின்ஜாவின் பச்சை தூரத்திலேயே தன் பெயரைச் சொல்லும். கிட்டே வந்தால் மெலிந்த 160 பின் டயர் காட்டிக்கொடுக்கும். மற்ற இரண்டிலும் 180. சிபிஆர் 2024-ல் முகம் மாறி, அண்ணன் ஃபயர்பிளேடை (ஹோண்டாவின் பெரிய ஸ்போர்ட் பைக்) ஒட்டி வந்திருக்கிறது; பக்கவாட்டில் பார்க்க மூன்றில் இதுவே நிறைவு. டேடோனா சற்று உருண்டை முகம், பழைய டேடோனா 675-ஐப் பார்த்தவர்களுக்குச் சாந்தமாகத் தெரியும். ஆனால் அதன் ஹேண்டில் ஃபோர்க்கின் மேல்தட்டுக்கு மேலேயே நிற்பதால் மன்னார்குடி வரை போனாலும் மணிக்கட்டு நோகாது. மூன்றின் அழகையும் கெடுப்பது சேலைத் தடுப்பு. கழற்றினால் பைக் அழகாகும் என்பது உண்மை. பின்சீட்டுக்காரரின் முந்தானை செயினுக்குள் போகும் என்பதும் உண்மை. சட்டமும் தடுப்பு வேண்டும் என்றே சொல்கிறது.

கிளட்ச் பிடித்தே கை சலித்தவர்களுக்கு சிபிஆரின் இ-கிளட்ச் தனி வரம். லீவரைத் தொடாமலே நிற்கலாம், கிளம்பலாம், கியர் மாற்றலாம். முகூர்த்த நாளில் மாயவரம் கடைத்தெருவைக் கடப்பவருக்கு நின்ஜாவைவிட 15 கிலோ கூடுதல் எடையை இது ஒன்றே மறக்கடிக்கும்.

ஏப்ரிலியா ஆர்.எஸ். 660 (183 கிலோ) ஓட்ட இவற்றைவிடக் கூர்மை, விலையும் அப்படியே. கவாஸாகியின் நின்ஜா இசட்.எக்ஸ்.-6ஆர் முழுப் பலத்தைக் காட்டுவது 13,000 ஆர்.பி.எம்.மில், நெல் காயும் ரோட்டுக்கு அது வேண்டாம்.

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். பழைய விலைப் பட்டியலை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். டேடோனாவின் பெரிய சர்வீஸ் 16,000 கி.மீ. இடைவெளியில் வருவது வெளியூர் சர்வீஸ் சென்டருக்கு அலைய வேண்டியவர்களுக்கு லாபம். சிபிஆருக்கு வால்வ் கிளியரன்ஸ் (வால்வுகளின் இடைவெளி) பார்ப்பது 24,000 கி.மீ.யில். நான்கு சிலிண்டருக்கும் பார்க்க வேண்டியிருப்பதால் கூலி கூடும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஷோரூமில் கேட்க வேண்டியது ஒன்று: கிளட்ச் லீவர், முன் பிரேக் லீவர், இடது பக்க பேனல் ஆகியவை ஆர்டர் போட்டால் எத்தனை நாளில் வரும். பதிலை வாய்வார்த்தையாக வாங்காமல் கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.